சிபில் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

"சிபில் இடிக்குது சார்" என்று வங்கியில் சொல்லிவிட்டால், நாம் உடனே கேட்கும் கேள்வி "எத்தனை இருக்கு?" என்பதுதான். 645, 680, 712 என்று ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு நம்மால் எதையும் சரிசெய்ய முடியாது. அந்த எண் எதிலிருந்து வந்ததோ, அந்த கிரெடிட் ரிப்போர்ட்டில்தான் எல்லாம் இருக்கிறது: எந்த வங்கி, எந்தக் கடன், எந்த மாதம், எத்தனை நாள் தாமதம் என்று வரிவரியாக. தப்பு இருந்தால் திருத்தக்கூடியதும் அதைத்தான். ரிப்போர்ட் திருந்தினால் எண் தானாக மாறும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிபில் என்பது மதிப்பெண்ணின் பெயர் இல்லை, ஒரு நிறுவனத்தின் பெயர். 2000-ல் தொடங்கப்பட்டு, இன்று டிரான்ஸ்யூனியன் சிபில் என்ற பெயரில் இயங்குகிறது. இந்தியாவில் முதலில் வந்தது அதுதான் என்பதால், ஜெராக்ஸ் போல அந்தப் பெயரே பொதுப்பெயராகிவிட்டது. எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. நான்கும் 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்று நடப்பவை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இந்த நான்கிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று 2015-ல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் கடன் விவரம் நான்கு இடத்துக்கும் போகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கணக்கு முறை வைத்திருப்பதால், ஒரே நாளில் பார்த்தாலும் நான்கு மதிப்பெண்களும் சில பத்துப் புள்ளிகள் முன்னே பின்னே இருக்கலாம். அது கோளாறு இல்லை. ஒன்றில் 780, இன்னொன்றில் 650 என்று பெரிய இடைவெளி தெரிந்தால்தான், ஏதோ ஒரு கணக்கு ஒரு இடத்தில் தப்பாகப் பதிவாகியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

கடன் கொடுப்பதா வேண்டாமா என்று இந்த நிறுவனங்கள் முடிவெடுப்பதில்லை. வங்கி அனுப்பிய தகவலைச் சேர்த்துவைத்து, கேட்கிற இன்னொரு வங்கிக்குக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. முடிவு எடுப்பது வங்கி. 750-க்கு மேல் இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொல்வது வழக்கத்தில் வந்த அளவுகோல், சட்டத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது.

ரிப்போர்ட்டை இலவசமாக எடுக்கும் வழி

2017 ஜனவரி 1 முதல், நான்கு நிறுவனங்களும் ஒவ்வொரு காலண்டர் ஆண்டிலும் ஒருமுறை, மதிப்பெண்ணோடு கூடிய முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆக, வருடத்துக்கு நான்கு இலவச ரிப்போர்ட். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துத் தீர்க்காமல், ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று பிரித்து எடுத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவில்லாமல் கண்காணித்துவிடலாம். வீட்டுக் கடன் போன்ற பெரிய விண்ணப்பம் வரப்போகிறது என்றால் மட்டும், நான்கையும் சேர்த்தே எடுத்துப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் ரிப்போர்ட்டை வங்கி எடுக்கும் என்று நமக்குத் தெரியாது.

நிறுவனத்தின் இணையதளத்துக்கு நேராகப் போய், பான் அட்டையில் உள்ளபடி பெயர், பான் எண், பிறந்த தேதி, கைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்தால் ஓடிபி வரும். சில நேரம் "இந்த வங்கியில் உங்களுக்குக் கார்டு இருக்கிறதா?" என்பது போன்ற அடையாளக் கேள்விகளும் வரும். தளத்துக்குள் நுழைந்ததும் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று கட்டணத் திட்டங்கள் கண்ணில் படும். இலவச ஆண்டு ரிப்போர்ட்டுக்கான இணைப்பு பெரும்பாலும் அவற்றுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். பொறுமையாகத் தேடுங்கள், பணம் கட்டத் தேவையில்லை. கடன் செயலிகள் காட்டும் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். கணக்குவாரியான விவரம் அடங்கிய முழு பிடிஎஃப் கையில் வர வேண்டும்.

நாமே நம் ரிப்போர்ட்டை எடுத்தால் மதிப்பெண் குறையும் என்று ஒரு பயம் ஊரில் உலவுகிறது. குறையாது. கடன் கேட்டு நாம் விண்ணப்பித்து, அதற்காக வங்கி எடுக்கும்போதுதான் அது விசாரணையாகப் பதிவாகும்.

பெயரும் இனிஷியலும்

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, பான், ஆதார், வாக்காளர் அட்டை, தொலைபேசி எண்கள், முகவரிகள் இருக்கும். பெரும்பாலோர் புரட்டிவிட்டுப் போகும் பக்கம் இது. தமிழ்நாட்டுக்காரர்கள் நின்று படிக்க வேண்டிய பக்கமும் இதுதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பான் அட்டையிலோ இனிஷியலை விரித்து எழுத வேண்டும். எனவே ரேஷன் அட்டையில் ச. முருகன், வங்கிப் புத்தகத்தில் முருகன் ச., பானில் முருகன் சண்முகம், பழைய கடன் படிவத்தில் சண்முகம் முருகன் என்று ஒரே ஆளுக்கு நான்கு வடிவம் இருக்கும். கடன் தகவல் நிறுவனம் பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, கைபேசி எண் எல்லாவற்றையும் ஒப்பிட்டுத்தான் எந்தக் கடன் யாருடையது என்று சேர்க்கிறது. இதில் பொருத்தம் தவறினால் இரண்டு விதமான சிக்கல் வரும். உங்கள் கடன் வரலாறு இரண்டு கோப்பாகப் பிரிந்து, ஒழுங்காகக் கட்டிய பழைய கடன் ஒன்று ரிப்போர்ட்டில் தெரியாமலே போகலாம். அதைவிட மோசமானது, அதே பெயரும் அதே பிறந்த ஆண்டும் கொண்ட இன்னொரு முருகனின் பாக்கி உங்கள் ரிப்போர்ட்டில் வந்து உட்காருவது.

ஆகவே முதல் பக்கத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: பான் எண் உங்களுடையதா, நீங்கள் குடியிருந்தே இராத ஊரின் முகவரி இருக்கிறதா, உங்களுக்குச் சம்பந்தமில்லாத கைபேசி எண் இருக்கிறதா. தெரியாத முகவரி ஒன்று இருந்தால், பின்னால் தெரியாத கடன் ஒன்றும் இருக்க வாய்ப்புண்டு. எல்லா வங்கிக் கணக்கிலும் பெயரைப் பானில் உள்ளபடியே மாற்றி வைத்துக்கொள்வது இந்தத் தொல்லையைப் பாதியாகக் குறைக்கும்.

கணக்குப் பக்கம்: மூன்று இலக்கக் கட்டங்கள்

ரிப்போர்ட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் வாங்கிய ஒவ்வொரு கடனுக்கும் கார்டுக்கும் தனித்தனிப் பகுதி இருக்கும். கடன் வகை, தொடங்கிய தேதி, வழங்கிய தொகை அல்லது கார்டின் வரம்பு, இப்போதைய நிலுவை, கெடு தாண்டிய தொகை, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, வங்கி கடைசியாகத் தகவல் அனுப்பிய தேதி எல்லாம் அதில் வரும். அடைத்து முடித்த கடன் என்றால் முடிந்த தேதி இருக்க வேண்டும், நிலுவை பூஜ்யமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகவே அடுத்த வங்கி எடுத்துக்கொள்ளும்.

அதற்குக் கீழே மாதம் மாதமாகச் சிறு கட்டங்கள் இருக்கும், வழக்கமாகக் கடைசி 36 மாதங்களுக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று இலக்கம். கெடு தாண்டி எத்தனை நாள் ஆனது என்பதை அது சொல்கிறது. இதற்கு டிபிடி (DPD) என்று பெயர். 000 என்றால் பாக்கி இல்லை. 035 என்றால் தகவல் அனுப்பிய நாளில் 35 நாள் தாமதம். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்று இருந்தால் அந்த மாதம் வங்கி தகவல் அனுப்பவில்லை என்று பொருள், அதனால் பயப்பட வேண்டியதில்லை. சில வங்கிகள் எண்ணுக்குப் பதில் எழுத்தில் அனுப்பும். எஸ்டிடி என்றால் ஒழுங்கான கணக்கு. எஸ்எம்ஏ என்றால் வாராக்கடனை நோக்கிப் போகும் கணக்கு. எஸ்யூபி (SUB), டிபிடீ (DBT; நாள்கணக்கைச் சொல்லும் DPD வேறு), எல்எஸ்எஸ் (LSS) ஆகிய மூன்றும் வாராக்கடனின் அடுத்தடுத்த படிகள். தாமதம் 90 நாளைத் தாண்டினால் அந்தக் கடன் வாராக்கடன் ஆகிவிடுகிறது. 30, 60, 90 என்ற இந்த மூன்று வாசல்களில் ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் மதிப்பெண் மேலும் சரியும்.

மாதத் தவணை தவறுவதற்குப் பல நேரம் காரணம் பணம் இல்லாமை கூட இல்லை, தேதிகள் பொருந்தாததுதான். சம்பளம் 7-ஆம் தேதி, தவணை 5-ஆம் தேதி என்றால் ஒவ்வொரு மாதமும் ஆபத்துதான். தானியங்கிப் பற்று (ஆட்டோ டெபிட்) பணமில்லாமல் திரும்பிவிட்டால் வங்கி அபராதம் போடும், கட்டத்திலும் நாள் ஏறும். தவணைத் தேதியை மாற்றித் தரும்படி கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால், முந்தின மாதமே ஒரு தவணைப் பணத்தைத் தொடாத இருப்பாக அந்தக் கணக்கில் வைத்துவிடுங்கள்.

கிரெடிட் கார்டுக்கு ஒரு சின்ன அவகாசம் உண்டு. கெடு தேதிக்குப் பிறகு மூன்று நாளுக்கு மேல் கட்டாமல் இருந்தால்தான் அதைக் காலதாமதம் என்று கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பலாம் என்பது 2022-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதி. சர்வர் கோளாறு, விடுமுறை நாள் என்று ஒருநாள் தள்ளிப்போனவர்களுக்கு இது உதவும். இதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

"செட்டில் பண்ணிட்டேன்" என்பதன் பொருள்

நம் பேச்சில் "கடனை செட்டில் பண்ணிட்டேன்" என்றால் முழுவதும் அடைத்துவிட்டேன் என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் செட்டில்டு என்ற சொல்லுக்கு நேர்மாறான அர்த்தம். கட்ட வேண்டியதைக் கட்டாமல், குறைந்த தொகைக்குப் பேசி முடித்தார் என்று அது சொல்கிறது. இந்த ஒரு சொல் வித்தியாசத்தால் ஏமாந்தவர்கள் ஏராளம். ஒரு லட்சம் பாக்கிக்கு "நாற்பதாயிரம் கட்டுங்க சார், அக்கவுன்ட்டை முடிச்சிடலாம்" என்று வசூல் முகவர் போனில் சொல்வார். கட்டியவுடன் தொந்தரவு நிற்கும். ஆனால் கணக்கின் நிலை "முடிந்தது" என்று மாறாது, "செட்டில்டு" என்று மாறும். இரண்டு வருடம் கழித்து வீட்டுக் கடன் கேட்கும்போது அந்த நாற்பதாயிரம் நினைவுக்கு வரும்.

உண்மையிலேயே வழியில்லாதவருக்கு இப்படிப் பேசி முடிப்பது தேவைப்படலாம். அதில் தவறில்லை, விளைவு தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே செய்துவிட்டவர்கள், வங்கி விட்டுக்கொடுத்த மீதித் தொகையைக் கட்டிவிட்டுக் கணக்கை முழுமையாக முடித்ததாக மாற்றித் தருமா என்று எழுத்தில் கேட்கலாம். பணம் கட்டும் முன்பே "கட்டினால் நிலையை மாற்றி அனுப்புவோம்" என்ற கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

இதேபோல் குழப்பும் இன்னொரு சொல் ரைட் ஆஃப். பத்திரிகைகள் இதையும் தள்ளுபடி என்றே எழுதுகின்றன, அரசு விவசாயக் கடனை ரத்து செய்வதையும் தள்ளுபடி என்றே எழுதுகின்றன. இரண்டும் வேறு. அரசுத் தள்ளுபடியில் கடன் தீர்ந்துவிடுகிறது. ரைட் ஆஃப் என்பது, வராது என்று முடிவுகட்டி வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து அதை நீக்கிவிடுவது. கடன் வாங்கியவர் இன்னும் கடனாளிதான், வசூல் தொடரும். ரிப்போர்ட்டில் காணக்கூடிய மிகக் கெட்ட வரிகளில் இது ஒன்று. மூவாயிரம் ரூபாய் கார்டு பாக்கி ரைட் ஆஃப் ஆகி, முப்பது லட்சம் வீட்டுக் கடனைத் தடுக்கும்.

நகைக்கடனும் ஜாமீன் கையெழுத்தும்

"நகைதான் வங்கியில் இருக்கே, தாமதமானால் என்ன?" என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போனது. அடகுக்கடையில் வைத்த நகைக்கு அது பொருந்தும், ஏனென்றால் அடகுக்கடைக்காரர் யாருக்கும் ரிப்போர்ட் அனுப்புவதில்லை. வங்கியிலும் நகைக்கடன் நிறுவனத்திலும் வைத்த நகை அப்படி இல்லை. அது கடனாகவே பதிவாகிறது. ஒரு வருடம் கழித்து அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் வகைக் கடனில், கெடு நாள் தாண்டிய மறுநாளிலிருந்து தாமத நாள் எண்ணப்படும். நகையின் மதிப்பு கடனைப்போல் இரண்டு மடங்கு இருந்தாலும் கட்டத்தில் 060 விழுந்தால் விழுந்ததுதான். ஏலத்துக்குப் போனால் அது இன்னும் பெரிய கறை. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பவர்கள், ஒவ்வொரு முறையும் பழைய கணக்கு முடிக்கப்பட்டுப் புதிய கணக்கு தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். பழைய எண்ணில் பூஜ்ய நிலுவையும் முடிந்த தேதியும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கணக்குப் பகுதியில் உரிமை என்று ஒரு வரி இருக்கும்: தனி, கூட்டு, கூடுதல் அட்டைதாரர், ஜாமீன்தாரர். மச்சானுக்கோ நண்பருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து இங்கே வந்து நிற்கும். அவர் தவறவிட்ட தவணை உங்கள் பெயரிலும் தெரியும். பிள்ளையின் கல்விக் கடனில் பெற்றோர் கூட்டுக் கடன்தாரராக இருப்பதும் அப்படித்தான். படிப்பு முடிந்து தவணை தொடங்கும் மாதத்தைக் குடும்பமே மறந்துவிடுவதால், பிள்ளைக்கும் அப்பாவுக்கும் ஒன்றாகவே அடி விழுகிறது. அந்த அடி கடனோடு நிற்பதில்லை. பணியாளர் தேர்வில் கடன் வரலாற்றைப் பார்க்கும் வங்கிகள் இருக்கின்றன. கடன் வரலாறு சரியில்லை என்று பொதுத்துறை வங்கி ஒன்று பணி நியமனத்தை ரத்து செய்தது. எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன் என்று விண்ணப்பதாரர் வாதிட்டும், 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை ஏற்றுக்கொண்டது.

திருமணமானதால் மட்டும் கணவன் மனைவி ரிப்போர்ட் ஒன்றாகிவிடாது. சேர்ந்து வாங்கிய கடன் மட்டுமே இருவரிடமும் தெரியும். சம்பளம், சேமிப்பு இருப்பு, வைப்புத்தொகை, நிலபுலன், சீட்டு, கரண்ட் பில், யுபிஐ செலவு ஆகியவை மதிப்பெண்ணில் சேர்வதில்லை. கோடி ரூபாய் சொத்து உள்ளவருக்கு 600-ம், மாதம் பதினெட்டாயிரம் சம்பளம் வாங்குபவருக்கு 790-ம் இருப்பது இதனால்தான்.

300 முதல் 900 வரை

மதிப்பெண் 300-க்கும் 900-க்கும் இடையில் இருக்கும். எதற்கு எத்தனை சதவீதம் என்ற துல்லியமான சூத்திரத்தை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. இணையத்தில் சுற்றும் 35, 30, 15 என்ற பட்டியல் அமெரிக்காவின் ஃபைகோ மதிப்பெண்ணுக்கு உரியது. ஆனால் எவை கனமானவை என்பதில் ஐயமில்லை. நேரத்துக்குக் கட்டியது முதலிடம். கார்டு வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பது அடுத்தது. கடன் வரலாற்றின் வயதும், சமீபத்தில் எத்தனை இடத்தில் கடன் கேட்டீர்கள் என்பதும் அதற்குப் பிறகு.

வரம்புப் பயன்பாடு பலருக்குப் புரியாத இடம். ஐம்பதாயிரம் வரம்புள்ள கார்டில் மாதம் நாற்பத்தைந்தாயிரம் செலவழித்து, கெடுவுக்குள் முழுவதையும் கட்டுகிறீர்கள். ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. ஆனாலும் மதிப்பெண் ஏறாது, ஏனென்றால் வங்கி தகவல் அனுப்பும் நாளில் நிலுவை 90 சதவீதமாகத் தெரிகிறது. பில் உருவாகும் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் இது சரியாகும். 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது என்பது அனுபவத்தில் வந்த அளவு. பயன்படுத்தாத பழைய கார்டை மூடினால் மொத்த வரம்பு குறைந்து இந்தச் சதவீதம் ஏறும். ஆண்டுக் கட்டணம் இல்லாத பழைய கார்டு என்றால் அவசரப்பட்டு மூடாதீர்கள், எப்போதாவது சின்னச் செலவு செய்து உயிரோடு வையுங்கள்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் தாமதம் என்று பதிவாகாது. ஆனால் நிலுவை குறையாது. நாற்பதாயிரம் பில்லுக்கு 5 சதவீதம், அதாவது இரண்டாயிரம் கட்டினால் மீதி 38,000. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 1,330 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 239 ரூபாய். அடுத்த மாதம் நீங்கள் கட்டும் இரண்டாயிரத்தில் 1,569 ரூபாய் இதற்கே போய்விடும். அசலில் குறைவது 431 ரூபாய். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது.

விசாரணைப் பகுதியில் உங்கள் ரிப்போர்ட்டை எந்த வங்கி, எந்தத் தேதியில், எந்தக் கடனுக்காக எடுத்தது என்று இருக்கும். ஒரே வாரத்தில் ஆறு இடத்தில் கேட்டால் "பணத்துக்கு அலைகிறார்" என்று அது காட்டும். "தகுதியைச் சரிபாருங்கள்" என்று அழைக்கும் கடன் செயலிகளில் விவரம் போடும்போது எச்சரிக்கையாக இருங்கள், ஒரு சொடுக்கு பல நிறுவனங்களுக்கு விண்ணப்பமாகப் போகலாம். ஒரு வங்கி மறுத்தால், காரணத்தை ரிப்போர்ட்டில் கண்டுபிடிக்காமல் அடுத்த வங்கிக்கு ஓடாதீர்கள்.

இந்தப் புள்ளிகள் பணமாக எப்படி மாறுகின்றன? முப்பது லட்சம் வீட்டுக் கடன், 20 வருடம் என்று வையுங்கள். நல்ல மதிப்பெண்ணுக்கு 8.5 சதவீதம் என்றால் தவணை சுமார் 26,035 ரூபாய். அதே கடன் 9.25 சதவீதத்தில் கிடைத்தால் 27,476 ரூபாய். மாதம் 1,441 ரூபாய் வித்தியாசம், 240 மாதத்தில் ஏறக்குறைய மூன்றரை லட்சம்.

இதுவரை கடனே வாங்காதவருக்கு எண் வராது, வரலாறு இல்லை என்ற குறியீடுதான் வரும். அது கெட்ட மதிப்பெண் இல்லை. முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மெதுவாக வரலாறு தொடங்க விரும்புபவர்களுக்கு, வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தரப்படும் கிரெடிட் கார்டு பாதுகாப்பான வழி. இருபதாயிரம் வைப்பு வைத்து, மாதம் இரண்டு மூன்றாயிரம் செலவழித்து, முழுப் பில்லையும் கட்டிவந்தால் போதும்.

தப்பு இருந்தால்

வங்கிகள் 2025 ஜனவரி 1 முதல், மாதத்துக்கு இரண்டு முறையாவது கடன் நிலவரத்தை அனுப்ப வேண்டும். அனுப்பவும் அதைப் பதிவேற்றவும் சில நாள் கெடு உண்டு. எனவே நேற்று அடைத்த கடன் இன்று தெரியவில்லையே என்று புகார் போட வேண்டாம். ஒரு மாதம் ஆகியும் மாறவில்லை என்றால் போடுங்கள்.

அடிக்கடி காணும் பிழைகள்: அடைத்த கடன் திறந்தே கிடப்பது, கார்டு எண் மாறியதால் ஒரே கார்டு இரண்டு முறை வருவது, வங்கி தன் வாராக்கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றபின் இரண்டு பெயரிலும் ஒரே பாக்கி தெரிவது, அடுத்தவர் கடன் நம் பெயரில் ஏறுவது. புகாரைக் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகப் பதியலாம். "என் ரிப்போர்ட் தப்பு" என்று பொதுவாக எழுதினால் வேலைக்காகாது. எந்தக் கணக்கு, எந்த வரி, இப்போது என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டு, நிலுவையில்லாச் சான்றிதழையும் கணக்கு அறிக்கையையும் இணையுங்கள். அந்த நிறுவனம் தானாக எதையும் திருத்த முடியாது, வங்கியைக் கேட்டு அது ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். அதனால் அதே நாளில் வங்கிக்கும் எழுதி, இரண்டு புகார் எண்களையும் குறித்துவையுங்கள்.

புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தீர்வு வர வேண்டும். அதில் வங்கிக்கு 21 நாள், மீதி கடன் தகவல் நிறுவனத்துக்கு. தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, யார் தாமதப்படுத்தினார்களோ அவர்கள் தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ள இந்த விதி பலருக்கும் தெரியவே தெரியாது. புகார்க் கடிதத்திலேயே இதை ஒரு வரி குறிப்பிட்டுவிடுங்கள். 30 நாள் கழித்தும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் புகார் தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. வழி கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் இந்தக் குறைதீர்ப்புத் திட்டத்துக்குள் வந்துவிட்டன.

"ஐயாயிரம் கொடுங்க, சிபிலை கிளியர் பண்ணித் தர்றோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். தப்பான பதிவைத் திருத்த நீங்களே இலவசமாகப் புகார் செய்யலாம். உண்மையான தாமதத்தை எவராலும் அழிக்க முடியாது. நம்பிக்கொடுக்கும் பான் நகலும் ஓடிபியும் உங்கள் பெயரில் வேறொரு கடன் எடுக்கவே உதவும்.

நீங்கள் வாங்காத கடன் ஒன்று ரிப்போர்ட்டில் தெரிந்தால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்து, அந்தப் புகார் நகலோடு கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். கடன் பத்திரத்தில் உள்ள கையெழுத்து, படம், பணம் போன வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்பதே உங்கள் வலுவான ஆதாரம். "சின்னத் தொகைதானே, கட்டித் தொலைச்சிடலாம்" என்று கட்டிவிட்டால், கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். உங்கள் ரிப்போர்ட்டை ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ எடுத்தால் எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் வரவேண்டும் என்பதும் இப்போது விதி. அது வந்து சேர, கடன் தகவல் நிறுவனத்திடம் இருக்கும் கைபேசி எண் நீங்கள் இன்று பயன்படுத்தும் எண்ணாக இருக்க வேண்டும். எண்ணை மாற்றியவர்கள் வங்கியில் முதலில் அதை மாற்றுங்கள், அங்கிருந்துதான் அது ரிப்போர்ட்டுக்குப் போகும்.